கறுப்புக் கட்டத்தில் சாமி எங்கே?

கேள்வி: மகள் கோலாலம்பூரில் ஓவியம் படிக்கிறாள். தீபாவளி விடுமுறைக்கு வந்தவள் ஒரு சதுரத்தை முழுக்கக் கறுப்பாக அடித்துவிட்டு, “இதில் ஆன்மிகம் இருக்கும்மா” என்கிறாள். வெறும் கட்டத்தில் என்ன ஆன்மிகம் ஐயா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் வாழைப்பழமும் செம்பருத்தியும் வரையச் சொல்லிக்கொடுத்தவன் நான். உங்கள் மகள் போட்ட மாதிரியே புகழ்பெற்ற கறுப்புச் சதுர ஓவியம் ஒன்று உண்டு. அதை முதலில் ஒரு புத்தகத்தில் பார்த்தபோது அச்சுக்கோளாறு என்றே நினைத்தேன். ஆகவே உங்கள் எரிச்சல் புரிகிறதம்மா.

அதை வரைந்தவர் ரஷ்ய ஓவியர் மாலேவிச். 1915 டிசம்பரில் பெட்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கண்காட்சியில் அவர் அதை மாட்டிய இடத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு சுவர் சேரும் மூலையில், கூரையை ஒட்டி, குறுக்காக. ரஷ்ய வீடுகளில் அது ஏசு, மாதா படங்களுக்கான மூலை. எங்கள் லயத்து வீட்டில் பாட்டி முருகன் படத்தை அப்படித்தான் உயரத்தில் மாட்டியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் அங்கே போய்விடும். அந்தப் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்புக் கட்டத்தை மாட்டியிருந்தால் பாட்டி விளக்குமாற்றைத் தூக்கியிருப்பார். பெட்ரோகிராடிலும் திட்டு விழுந்தது. சாமி இருந்த இடத்தில் உருவமில்லாத ஒன்றை வைத்துவிட்டு, “இதையும் அதே கண்ணால் பார்” என்றால் திட்டாமல் என்ன செய்வார்கள்?

டச்சு ஓவியர் மோன்ட்ரியான் வழி வேறு. 1909இல் ஆம்ஸ்டர்டாமில், எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரே ஞானம் என்று தேடிய பிரம்மஞான சபையில் (தியோசபிகல் சொசைட்டி) உறுப்பினரானார். ஆமாம், 1882 முதல் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அதே சபை. அடுத்த ஓரிரு ஆண்டில் மூன்று நீலப் பெண்களை வரைந்தார். ஒருத்தியின் தலைக்கு இருபுறமும் முக்கோணங்கள் பின்னிய நட்சத்திரம். நம் வீட்டு சரவணபவ அறுகோணம்போலவே இருக்கும். எனக்கு அந்தப் படம் பிடிக்காது, பாடம் நடத்துகிற மாதிரி நிற்கும். பிறகு அவரே சின்னங்களையெல்லாம் உதறிவிட்டு நிமிர்ந்த கோடு, படுத்த கோடு என்று இறங்கினார். நிமிர்ந்தது ஆண், ஆவி. படுத்தது பெண், ஜடப்பொருள் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தவர். கொஞ்சம் பழைய சிவன்–சக்தி வாசனை அடிக்கிறது, இல்லையா? ஆனால் “எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்” என்று மார்தட்ட வேண்டாம். அவர்களுக்குக் கிடைத்தது ஐரோப்பியர்கள் கலந்து காய்ச்சிய கஷாயம். அடையாற்றில் தலைவியாக அமர்ந்த அன்னி பெசன்ட், இன்னொருவரோடு சேர்ந்து கோபம், பக்தி, பயமெல்லாம் என்ன நிறம், என்ன வடிவம் என்று படம் போட்டே 1905இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கலையில் ஆன்மிகத்தைப் பற்றித் தனி நூலே எழுதிய ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியும் அந்தச் சபையைக் குறிப்பிடுகிறார்.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 1906இல், ஸ்வீடனில் ஹில்மா அஃப் கிளின்ட் என்ற பெண் வட்டமும் சுருளுமாகத் தொடங்கிவிட்டார். இல்லாத ஒரு கோயிலுக்காக 193 ஓவியங்கள்! தான் இறந்து இருபது ஆண்டுவரை யாருக்கும் காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: ஸ்கேல் வைத்துப் போட்டாளா, கையால் போட்டாளா? மாலேவிச்சின் சதுரம் சரியான சதுரமே இல்லை. பக்கங்கள் லேசாகக் கோணும். இன்று வெடிப்பு விழுந்து, அடியிலிருந்த பழைய வண்ணங்கள் எட்டிப் பார்க்கின்றன.

கேள்வி: அப்படியானால் என் அம்மா போடும் சிக்குக் கோலமும் நவீன ஓவியம்தானே?
– வாசகர், கிள்ளான்

பதில்: இல்லை. உங்கள் அம்மா கையெழுத்துப் போடுவதில்லை, மதியத்துக்குள் ஆள் நடந்து அழிந்தாலும் கவலைப்படுவதில்லை. மோன்ட்ரியான் படத்தின்மேல் நடந்து பாருங்கள்!