காம்பராவுக்குள் கட்டா பழகலாமா?

கேள்வி: மகளுக்கு 12 வயது. ஞாயிறு மட்டும் ஹற்றனில் ஷொட்டோகான் கராத்தே வகுப்பு. ஆடி மழையில் இஸ்தோப்பிலும் (வாசல் திண்ணை) சாரல். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் (லயன் அறை) ஹெயான் ஷோடான் என்ற கட்டாவை, அதாவது வரிசை மாறாமல் செய்யும் கராத்தே அசைவுகளை, செய்தால் சுவரில் முட்டுகிறாள். முழங்காலும் நோகிறதாம்.
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: கட்டாவை முழுதாகத்தான் செய்ய வேண்டுமென்றில்லை, அம்மா. அதில் 21 அசைவுகள். 1–5, 6–9, 10–13, 14–17, 18–21 என்று துண்டாக்கி, நாளுக்கு ஒரு துண்டை 10 தடவை மெதுவாகச் செய்யட்டும். இடம் கேட்பவை 6–9உம் 14–17உம்தான். நேர்கோட்டில் மூன்று எட்டு வரும். ஓர் எட்டு வைத்ததும், நிலை குலையாமல் அதே அளவு பின்னுக்கு வந்து அடுத்ததை வைக்கலாம். 9, 17இல் வரும் கியாயை (அடிக்கும்போது போடும் கத்தல்) சத்தமில்லாமல், வயிற்றை இறுக்கிக் குறுமூச்சாக விட்டால் போதும். காலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) போகிறவர்கள் பக்கத்துக் காம்பராவில் உறங்குவார்களே!

முழங்கால் விஷயம் அப்படி விடக்கூடியதல்ல. ஈரமான சீமெந்துத் தரை வெறும் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் நிற்கும், முறுக்கு முழங்காலில் விழும். தரையைத் துடைத்து, 10 நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டுத் தொடங்கட்டும். திரும்பும்போது எடையை முதலில் ஊன்றிய காலுக்கு மாற்றி, மற்றக் காலை அருகே இழுத்து, இடுப்பும் பாதமும் ஒன்றாகச் சுழல வேண்டும்.

இன்னொன்று: ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடித்து நிற்கும் நிலைக்கு, சோக்கால் தரையில் இரு பாதங்களையும் வரையுங்கள். அகலம் தோளளவு, நீளம் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. முன்னால் நின்று பாருங்கள். முன்முழங்கால் கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே மடிய வேண்டும். உள்ளே சரிந்தால் நிலை அவளுக்கு நீளம், ஒரு சாண் குறையுங்கள். வீக்கம் கண்டால் பழக்கத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கராத்தே வகுப்பில் ஆறு மாதமாகத் தரை கூட்டுகிறோம், குனிந்து வணங்குகிறோம். சண்டை எப்போது?
– மாணவன், பண்டாரவளை

பதில்: கூட்டாத தரையில் ஒரு மணல் பருக்கை போதும் தம்பி, சுழலும் பாதம் கிழிய. வணங்கும்போது எதிரே நிற்பவரின் தூரத்தைக் கண்ணால் அளந்து பழகுங்கள். முகத்துக்குச் சற்று முன்னால் குத்தை நிறுத்த அந்த அளவு வேண்டும். 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோ போய்க் கராத்தேயைச் செய்துகாட்டிய கிச்சின் ஃபுனாகோஷி, கராத்தேயில் நாமாக முதலில் தாக்குவது கிடையாது என்றார். ஹெயான் கட்டா ஐந்துமே தடுப்பில்தான் தொடங்கும். சென்சேயிடம் (ஆசிரியர்) கோஹோன் குமிதே என்ற இருவர் பயிற்சியைக் கேளுங்கள். எதிராளி ஐந்து எட்டு முன்னேறி ஐந்து முறை தாக்குவார். நீங்கள் ஐந்தையும் தடுத்துப் பின்வாங்கி, கடைசியில் ஒரேயொரு குத்து.