லாட்ரெல் மிச்சல் கிளப்பில் ஃபுல்பேக், ஆரிஜினில் சென்டர்?

ஆரிஜின் அணிப் பட்டியலில் மிச்சல் சென்டர் என்று இருப்பதைப் பார்த்துக் குழம்பினீர்களா? பட்டியல் தப்பில்லை, அப்போது சவுத் சிட்னி ரக்பி லீக் கிளப்பில் ஃபுல்பேக்காக (எல்லோருக்கும் பின்னால் நிற்பவர்) ஆடிய மிச்சல், 2021 ஸ்டேட் ஆஃப் ஆரிஜினில் (நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ஆஸ்திரேலியத் தொடர்) நியூ சவுத் வேல்ஸுக்கு சென்டராகத்தான் (ஓரத்தில் ஆடும் விங்கருக்கு உள்பக்கம் நிற்பவர்) இறங்கினார்.

ஃபுல்பேக் இடம் ஒன்றுதான், அது அப்போதைய கேப்டன் டெடெஸ்கோவுக்கு. அதற்காக இப்படி ஒரு ஆளை வெளியே உட்கார வைப்பார்களா என்ன? அப்போது மேன்லி கிளப்பின் ஃபுல்பேக்காக இருந்த டாம் டிரபோயெவிச்சையும் இன்னொரு சென்டராக்கினார்கள், டவுன்ஸ்வில்லில் முதல் ஆட்டத்திலேயே மனுஷன் மூன்று ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டார், நியூ சவுத் வேல்ஸ் 50-6 என்று ஜெயித்தது. மிச்சலுக்கு அது பழகின இடம்தான். முந்தைய கிளப் ரூஸ்டர்ஸோடு 2018, 2019 கோப்பைகளை வென்றது சென்டராக.

இன்னும் குழப்பமென்றால் அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டு, குயின்ஸ்லாந்து ஐந்தாவது டேக்கிள் (பந்து வைத்திருப்பவரை மடக்கிப் பிடிப்பது) முடிந்து பந்தை உதைக்கும் நேரத்தில் நிறுத்திப் பாருங்கள். பந்தைப் பிடிக்க நடுவில் ஆழமாக நிற்பவர் டெடெஸ்கோ. மிச்சல் முன்னால் தடுப்பு வரிசையில், இடது விங்கருக்கு உள்பக்கம் இருப்பார்.

ஆனால் தாக்குதலை வைத்து முடிவு செய்யாதீர்கள், பந்து கையில் இருக்கும்போது யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஓடி வருவார்கள். அப்புறம், எல்லா ஃபுல்பேக்கும் சென்டராகிவிட முடியாது, அங்கே தடுப்பதில் ஒரு அடி தப்பாக வைத்தாலும் ஓரம் முழுக்கத் திறந்துவிடும்.