சரிவில் விதைத்த புல் மழையோடு போகாமல் இருக்க

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டினோம். வாசலில் இருந்து கேற் வரை 15 அடி, இறக்கம் 3 அடி. ஐப்பசியில் 'பேர்மூடா' புல் விதை தூவினேன். இரண்டு மழையில் எல்லாம் வழிந்து, இப்போது கேற்றடியில் மட்டும் திட்டாய் முளைத்திருக்கிறது. விதை கூடாதா? இலண்டனில் இருக்கும் மைத்துனர் நல்ல விதை அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?"

உங்கள் விதையில் பிழை இல்லை. கேற்றடியில் முளைத்ததே அதற்குச் சாட்சி. பிழை விதைத்த காலத்திலும் தண்ணீர் ஓடும் வழியிலும்தான்.

ஐப்பசியில் விதைத்தால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தட்டையான வளவுக்குச் சரி. சரிவில், வேர் ஓடாத மண்ணில் மாரிமழை அடித்தால் கடுகிலும் சிறிய விதை எப்படி நிற்கும்? பொங்கல் கழியட்டும். தை கடைசியில் பெருமழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், கிணறும் நிறைந்திருக்கும். சித்திரை வெயிலுக்கு முன் புல் வேர் பிடித்துவிடும்.

அதற்கு முன் கூரைப் பீலியின் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சரிவின் தலையில் விழுந்தால் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி வாழையடிக்குத் திருப்புங்கள். வீட்டுப் படத்துக்கு அனுமதி கொடுப்பவர்கள் அறையின் நீள அகலம் எல்லாம் பார்க்கிறார்கள், மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பதில்லை. ஒழுங்கையை உயர்த்துகிறார்கள், அதைப் பார்த்து நாம் வீட்டை உயர்த்துகிறோம். வாய்க்கால் மட்டும் ஒருவர் கணக்கிலும் இல்லை.

நிலத்தை உயர்த்தக் கொட்டிய மக்கியில், அதாவது கல்லும் சரளையுமான நிரப்பில், புல் வேர் ஓடாது. மேலே 4 அங்குலமாவது நல்ல மண் வேண்டும். ஏமாறுவது இங்கேதான். தரகர் 'அருமையான செம்மண்' என்று ரிப்பர் லொறியில் கொண்டுவந்து கொட்டிக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். காசு கொடுக்கும் முன் ஒரு கூடை மண்ணைக் கையால் கிளறுங்கள். கறுத்த, கடலை அளவான கிழங்கு அகப்பட்டு, உடைத்தால் உள்ளே வெள்ளையாய் மணத்தால் அது கோரை. அந்த மண் வேண்டாம். பிடுங்கப் பிடுங்கக் கிழங்கு உள்ளேயே நிற்கும். பார்த்தீனியம் என்ற களையின் விதை கண்ணில் படாது, ஆகவே மண் எடுத்த இடத்தைப் போய்ப் பாருங்கள். பரப்பிய பின்னும் நனைத்து இரண்டு கிழமை விடுங்கள். முளைக்கிற களையை வேரோடு எடுத்துவிட்டு விதையுங்கள். மேசனே 'புல்லும் போட்டுத் தாறம்' என்று வந்தால், சீமெந்துக் கட்டிக்கு மேல் மண் பூசிவிட்டுப் போகாதபடி பக்கத்தில் நில்லுங்கள்.

விதைப்பு எளிது. வாரியைச் சரிவுக்குக் குறுக்காக இழுத்துக் கோடு போடுங்கள். மேலிருந்து கீழே இழுத்த கோடு ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வழி. உமி நீக்கிய விதை 1000 சதுர அடிக்கு 1 கிலோ போதும். காய்ந்த மணலில் கலந்து பாதியைக் குறுக்காகவும் பாதியை நெடுக்காகவும் தூவி, கால் அங்குலத்துக்கு மேல் மூடாமல் பலகையால் தட்டுங்கள். நெய்தல் இளகிய பழைய சணல் சாக்கைப் பிரித்து, மேல்துண்டின் விளிம்பு கீழ்த்துண்டின் மேல் விழ விரித்து, தடியால் முளை அடித்து இறுக்குங்கள். அதற்குப் பூவரசோ கிளுவையோ பச்சைத் தடி வேண்டாம், அதுவும் துளிர்த்துவிடும். பூவாளியால் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பைப்பைப் பிடித்து அடிக்க வேண்டாம். ஒன்றிரண்டு கிழமையில் பச்சை தெரிந்ததும் சாக்கை மெதுவாக எடுங்கள்.

இலண்டன் விதை வேண்டாம். அங்கே பெட்டியில் வருவது பெரும்பாலும் குளிர்நாட்டுப் புல். ஒரு கிழமையில் பச்சையாய் வந்து நம் வெயிலில் கருகிவிடும். விதை கொண்டுவர விவசாயத் திணைக்கள அனுமதியும் வேண்டும். இங்கே வாங்கும்போதும் பெயரும் நாளும் இல்லாத பையைத் தொடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. கடைக்குப் போய்ப் பையைத் திருப்பிப் பார்க்க ஆளில்லை என்றால் அந்தச் சட்டம் யாருக்கு?

இத்தனையும் நன்னீர்க் கிணறு உள்ளவர்களுக்கு. கிணறு உவர்க்கும் காரைநகர், வேலணைத் தீவுப் பக்கத்து வாசகர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். வளர்ந்த புல் உவரைத் தாங்கும், முளைத்து வரும் இளம்புல் தாங்காது. நம் சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. மோட்டர் போட்டு இறைக்க இறைக்க உப்பு மேலே ஏறும். அதனால் தையில் நன்றாக இருக்கும் தண்ணீர் வைகாசியில் உவர்க்கலாம். நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்ப்புத் தெரிந்தால் முதல் மூன்று கிழமைக்கு மாரியில் பிடித்த தண்ணீரை ஊற்றுங்கள். அதுவும் இல்லாவிட்டால் விதையை விட்டுவிடுங்கள். பேர்மூடா என்பது நம் அறுகுதான். வயல் வரம்பில் இருந்து அறுகங்கொடி வெட்டி வந்து, சரிவுக்குக் குறுக்காக அரை அடிக்கு ஒரு வரிசை, கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியேயுமாக ஊன்றிவிடுங்கள்.