சேவையகம் எந்தப் பக்கம்?

வணக்கம் அண்ணா,

எங்கள் பகுதி மாணவர்களுக்காக லினக்ஸ் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். எக்ஸ், எக்ஸ்11, எக்ஸ் விண்டோஸ், எக்ஸ்.ஆர்க், வேலேண்ட் என்று மூலத்தில் பக்கத்துக்கு ஒரு பெயர் வருகிறது. எல்லாவற்றையும் 'சாளர அமைப்பு' என்றே எழுதிவிடலாமா? 'எக்ஸ் சர்வர்' என்பதைச் சேவையகம் என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவி, 'என் மடிக்கணினியில் ஏது சேவையகம்?' என்கிறாள்.

– ஒரு வாசகர், பினாங்கு

அன்புள்ள தம்பி,

மாணவி சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறாள்.

எக்ஸ் சர்வர் என்பது திரை, விசைப்பலகை, மவுஸ் மூன்றையும் கையில் வைத்திருக்கும் நிரல். நீங்கள் எந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறீர்களோ அதில்தான் ஓடும். உலாவி, டெர்மினல் எல்லாம் அதனிடம் 'இங்கே கட்டம் போடு, இந்த எழுத்தைக் காட்டு' என்று கேட்கும் கிளையண்டுகள். கேட்கிற நிரல் கோலாலம்பூரில் ஓடலாம், படம் பினாங்கில் உங்கள் திரையில் விழும். நாசி கண்டார் கடைதான் இது. 'பஞ்சிர்' (சோறு மூழ்கக் குழம்பு) என்று கேட்பவர் எந்த ஊரிலிருந்தும் வரலாம். குழம்பை ஊற்றும் கரண்டி கடைக்காரர் கையில். அந்தக் கரண்டிக்காரர்தான் சர்வர்.

நானும் இதில் அடிபட்டவன். பாயான் லெப்பாசில் ஓர் ஆலையில் இருந்தபோது, சோதனை இயந்திரத்தின் திரை உறைந்துபோனால் என்ன செய்வது என்று மலாயில் ஒரு தாள் எழுதி ஒட்டினேன். 'பெலாயானை மறுபடி தொடங்கவும்' என்பது அதில் ஒரு வரி; சர்வருக்கு மலாயில் பெலாயான். இரவு ஷிஃப்ட் பையன் நேரே மாடிக்குப் போய், சர்வர் அறையில் இருந்ததை அணைத்துவிட்டான். திட்டு எனக்கு விழுந்தது, நியாயம்தான். (மலாயில் சாப்பாட்டுக் கடைப் பணியாளரும் பெலாயான்தான். அந்தப் பொருளில் படித்திருந்தால்கூடப் பையன் சரியாகப் புரிந்துகொண்டிருப்பான்.)

'சேவையகம்' இன்னும் மோசம். 'அகம்' என்றதும் ஒரு கட்டடமே கண்ணில் வந்துவிடுகிறது. 'எக்ஸ் சர்வர்' என்றே விடுங்கள். முதல் முறை வரும்போது மட்டும் 'உங்கள் திரையைக் கவனித்துக்கொள்ளும் நிரல்' என்று ஒரு வரி சேருங்கள்.

பெயர்களுக்கு வருகிறேன். ஸ்டான்ஃபோர்டில் திரையில் சாளரங்களைக் காட்ட 'டபிள்யூ' என்று ஒன்று இருந்தது; அதை ஒட்டி 1984இல் எம்.ஐ.டி.யில் பிறந்ததால் இதற்கு அடுத்த எழுத்தான எக்ஸ் பெயராயிற்று. 1987இல் 11ஆம் பதிப்பு வந்தது, எண் அதோடு நின்றுவிட்டது. ஆகவே எக்ஸ்11 என்பது நெறிமுறையின் (சர்வரும் கிளையண்டும் பேசிக்கொள்ளும் விதிகளின்) பதிப்பு. எக்ஸ்.ஆர்க் என்பது 2004 முதல் அதைப் பராமரிக்கும் அமைப்பு; நாம் நிறுவும் சர்வருக்கும் அதே பெயர். முழுப்பெயர் 'எக்ஸ் விண்டோ சிஸ்டம்', ஒருமை. 'ஸ்' சேர்த்தால் பிள்ளைகள் மைக்ரோசாஃப்டைத் தேடுவார்கள். மூலத்தில் இருந்தாலும் திருத்திவிடுங்கள்.

வேலேண்ட் 2008இல் தொடங்கிய வேறொரு நெறிமுறை, எக்ஸின் புதிய பதிப்பு அல்ல. அங்கே சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் கம்போசிட்டரே சர்வர் வேலையையும் பார்க்கிறது. இத்தனையையும் 'சாளர அமைப்பு' என்று ஒரே சாக்கில் கட்டினால் உங்களுக்கே பிறகு பிரிக்க வராது.

சாளரம் நல்ல சொல்தான். மலாயில் வீட்டுக்குத் திங்காப், திரைக்குத் தெத்திங்காப். நமக்கும் வீட்டுக்கு ஜன்னல், திரைக்குச் சாளரம். திரையில் திறக்கும் பெட்டிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவியின் மடிக்கணினியில் என்ன ஓடுகிறது என்று பார்த்தீர்களா? குனோம் என்ற மேசைத்தளச் சூழல் என்றால் அமைப்புகளில் கணினி விவரப் பக்கத்தில் எக்ஸ்11 அல்லது வேலேண்ட் என்று போட்டிருக்கும். வேலேண்ட் என்று இருந்தால், எக்ஸ் சர்வர் வரும் அத்தியாயத்தை நீங்கள் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.