ஒரே தீ, இரண்டு முறை

அன்புள்ள சார்,

நான் கல்லூரியில் விஸ்காம் மாணவர்களுக்கு சினிமா வரலாறு எடுக்கிறேன். எட்வின் எஸ். போர்ட்டரின் 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்' (1903) படத்தில்தான் எடிட்டிங் பிறந்தது என்று நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எரியும் வீட்டின் உள்ளும் வெளியும் அதில் மாறி மாறி வரும் என்பார்கள். வகுப்பில் காட்டலாம் என்று இணையத்திலிருந்து எடுத்துப் போட்டால் அப்படி எதுவும் இல்லை. வீட்டுக்குள் தாயையும் குழந்தையையும் காப்பாற்றுகிறார்கள். அது முடிந்ததும் அதே சம்பவம் வெளியிலிருந்து, ஆரம்பத்திலிருந்து மறுபடி நடக்கிறது. மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். இன்னொரு பிரதியில் நான் படித்தபடியே வெட்டி ஒட்டியிருக்கிறது. எது அசல்? திரும்ப வருவதுதான் அசல் என்றால் இந்தப் படத்துக்கு வரலாற்றில் என்ன இடம்? மாணவர்களுக்கு எதைக் காட்டுவது?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் மாணவர்கள் சிரித்தார்களே, அந்தப் பிரதிதான் அசல்.

அதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஒரு சட்டம். அன்றைய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமா என்ற இனமே கிடையாது, 1912இல்தான் சேர்த்தார்கள். அதுவரை புகைப்படம் என்ற கணக்கில்தான் பதிவு செய்ய முடியும். அதனால் கம்பெனிகள் படத்தை நீளமான புகைப்படக் காகிதத்தில் பிரின்ட் போட்டு, சுருளாகச் சுற்றி, வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் கொடுத்துவைத்தன. போர்ட்டர் வேலை பார்த்த எடிசன் கம்பெனி இந்தப் படத்தை 1903 ஜனவரியில் அப்படிப் பதிவு செய்தது. எளிதில் தீப்பிடிக்கும் அன்றைய நைட்ரேட் ஃபிலிம்கள் எரிந்தும் மக்கியும் போயின, காகிதச் சுருள்கள் கிடந்தன. 3000க்கும் மேற்பட்ட படங்கள் அப்படித் தப்பியிருக்கின்றன. 1950களில் கெம்ப் நிவர் என்பவர் அவற்றைத் திரும்ப ஃபிலிமுக்கு மாற்றும் வேலையில் இறங்கினார். கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. அடுத்த கம்பெனிக்காரன் திருடிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். (இதே எடிசன் கம்பெனி அதற்கு முந்தைய ஆண்டு பிரெஞ்சு இயக்குநர் மெலியேயின் நிலவுப் பயணப் படத்தைக் காசு கொடுக்காமல் பிரதியெடுத்து விற்றது என்பது வேறு கதை.)

சரி, நீங்கள் படித்த கதை எங்கிருந்து வந்தது? 1939இல் அமெரிக்க சினிமாவின் வரலாற்றை எழுதிய லூயிஸ் ஜேக்கப்ஸுக்குப் பார்க்கப் படம் இல்லை. எடிசன் கம்பெனியின் விற்பனைக் கேட்டலாகில் இருந்த வர்ணனையும் சில ஸ்டில்களும்தான் கையில் இருந்தன. வியாபாரத்துக்கு எழுதிய வர்ணனை அது, கதையை ஒரே ஓட்டமாகச் சொல்லிப் போகும். அதைப் படிப்பவருக்கு கேமரா உள்ளே போகிறது, வெளியே வருகிறது, மறுபடி உள்ளே போகிறது என்றுதான் தோன்றும். அவருக்கும் தோன்றியது. எடிட்டிங்கின் தந்தை போர்ட்டர் என்ற பேச்சுக்கு அது பெரிய பலமாக அமைந்தது. 1940களில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதி கிடைத்தது. அதில் காட்சிகள் மாறி மாறியே வந்தன. பிறகென்ன, ஆதாரமும் கிடைத்தாயிற்று என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஆனால் அந்த அருங்காட்சியகப் பிரதி பின்னாளில் யாரோ வெட்டி ஒட்டியது. பழைய படத்தில் ஏதோ கோளாறு, சரிசெய்துவிடுவோம் என்று நினைத்திருப்பார் போல. 1978இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் படக் காப்பகங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு நடத்திய மாநாட்டில் 1900 முதல் 1906 வரையிலான நூற்றுக்கணக்கான கதைப்படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் காலத்துப் படங்கள் எப்படிக் கதை சொல்லின என்பது அப்போதுதான் மொத்தமாகத் தெரிந்தது. மறு ஆண்டே சினிமா ஆய்வாளர்கள் சார்லஸ் மஸ்ஸரும் ஆந்த்ரே கோத்ரோவும் தனித்தனியாக எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு காகிதப் பிரதிதான் அசல் என்பது நிலைபெற்றுவிட்டது.

இனி உங்கள் மாணவர்களின் சிரிப்புக்கு வருகிறேன். ஆறேழு நிமிடப் படம், மொத்தம் 9 ஷாட். கடைசி இரண்டையும் மட்டும் பார்த்தால் போர்ட்டர் சொதப்பிவிட்டார் என்று தோன்றும். முன்னால் இருப்பதையும் பாருங்கள். முதல் ஷாட்டில் தீயணைப்பு வீரர் நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கிறார். சுவரில் ஒரு வட்டம் தோன்றி, அதற்குள் ஒரு தாய் குழந்தையைத் தூங்கவைக்கிறாள். அடுத்து தீ அபாயப் பெட்டி திரையை நிறைத்து நிற்க, ஒரு கை வந்து அதை இழுக்கிறது. மாடியில் படுத்திருந்த வீரர்கள் எழுந்து ஓடி, கம்பத்தைப் பிடித்து ஒவ்வொருவராகச் சறுக்குகிறார்கள். கடைசி ஆளும் இறங்கியாயிற்று. அடுத்த ஷாட் கீழ்த்தளம். அங்கே கம்பம் காலியாக இருக்கிறது! கொஞ்சம் பொறுத்துத்தான் ஆட்கள் மேலிருந்து சறுக்கி வருகிறார்கள். நேரம் சில விநாடி பின்னால் போய்விட்டது. ஆக, கடைசியில் நடப்பது தவறி நடந்ததல்ல. படம் முழுக்க அவர் கையாளும் முறையே இதுதான்.

அவர் மட்டுமா? மெலியேயின் 1902 படத்தில் ராக்கெட் நிலவின் கண்ணில் போய்க் குத்துகிறது. அடுத்த ஷாட்டில் அதே ராக்கெட் நிலவின் தரையில் மறுபடி வந்து இறங்குகிறது. மெலியேயின் படங்களைப் பார்த்துத்தான் கதைப்படம் எடுக்கத் தோன்றியதாகப் போர்ட்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு ஷாட் என்றால் ஓர் இடத்தில் நடப்பது முழுவதும் என்பது அவர்கள் கணக்கு. வீட்டுக்குள் நடந்ததை முடித்துவிட்டு வெளியே நடந்ததற்கு வருவார்கள். 'இது இவ்வாறிருக்க' என்று சொல்லிக் கதையைப் பின்னால் கொண்டுபோகிற நம் கதைசொல்லியை நாம் கேலி செய்வதில்லையே. மேஜிக் லான்டர்னில், அதாவது விளக்கொளியால் படத்தைத் திரையில் விழவைக்கும் கருவியில், காட்டிய கண்ணாடிப் படங்களைப் பார்த்துப் பழகிய கூட்டம் அது. தீயணைப்பு வீரர் கதைகள் அந்தக் கண்ணாடிப் படங்களிலேயே பிரபலம். சினிமா ஓடும்போதும் பல இடங்களில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை விளக்கிக்கொண்டிருப்பார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தின் ஹோவ் ஊரில் ஜேம்ஸ் வில்லியம்சன் 1901இலேயே 'ஃபயர்!' என்று ஒரு படம் எடுத்துவிட்டார். அதில் தீயணைப்பு வீரர், வீட்டுக்குள் சிக்கிய ஒருவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியேறுகிறார். வெட்டு. வெளியே ஏணியில் அவரே இறங்கிக்கொண்டிருக்கிறார். இன்றைய எடிட்டர் வெட்டுகிற இடமும் அதுவே. போர்ட்டருக்கு அந்தப் படம் தெரிந்திருந்தது என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வழி கண்ணெதிரே இருந்தும் அவர் தன் முறையிலேயே போனார். 1903 டிசம்பரில் வந்த 'தி கிரேட் டிரெயின் ராபரி'யிலும் அப்படித்தான். கொள்ளையர்கள் ரயிலை மறித்து, கொள்ளையடித்து, குதிரையேறித் தப்பிய பிறகுதான், ஆரம்பத்தில் அவர்கள் கட்டிப்போட்ட தந்தி ஊழியரை அவர் மகள் வந்து அவிழ்த்துவிடுகிறாள். இடம் மாற்றி மாற்றி வெட்டிப் பதற்றம் ஏற்றுவது அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் கையில் 1908, 1909 வாக்கில்தான் நிலைபெற்றது. அவரது 'தி லோன்லி வில்லா'வைப் பாருங்கள், புரிந்துவிடும்.

அப்படியானால் இந்தப் படத்தின் இடம்? எடிட்டிங்கின் பிறப்பு என்ற பட்டத்தை எடுத்துவிடுங்கள். அதனால் படம் சின்னதாகிவிடாது. தெருவில் குதிரைகள் இழுக்கும் நிஜத் தீயணைப்பு வண்டிகள் வரிசையாகப் பறக்கும் ஷாட்டும், ஸ்டூடியோவில் துணி கட்டி எடுத்த படுக்கையறையும் இதில் ஒரே கதைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. (அந்தச் சின்ன வீட்டுக்கு அத்தனை வண்டி எதற்கு என்று கேட்காதீர்கள். ஜனங்களுக்கு வண்டி ஓடுவதைப் பார்க்கத்தான் ஆசை.) செய்திப்படத்தையும் நாடக செட்டையும் கோத்து ஒரே கதையாக நம்பவைக்க முடியும் என்று காட்டியதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. உள்ளே நடந்ததும் வெளியே நடந்ததும் ஒன்றுதான் என்று பார்ப்பவர் தானாகவே சேர்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை போர்ட்டருக்கு இருந்திருக்கிறது. அதுவும் எடிட்டிங் சிந்தனைதான். 2016இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

வகுப்பில் இரண்டையும் காட்டுங்கள். முதலில் காங்கிரஸ் நூலகத்துப் பிரதி. சிரிப்பு அடங்கியதும், தாய் எப்போது மயங்கினாள், வீரர் எந்த வழியாக உள்ளே வந்தார், குழந்தைக்காக அவரைத் திரும்பப் போகச் சொன்னது யார் என்று கேளுங்கள். உள்ளிருந்து பார்க்கும்போது வீரர் தானாகத் திரும்பி வந்து குழந்தையைத் தூக்கிப் போவதுபோல இருக்கும். வெளி ஷாட்டில்தான் தாய் கீழே மண்டியிட்டுக் கெஞ்சுவது தெரியும். அப்புறம் வெட்டி ஒட்டிய பிரதியைப் போடுங்கள். அதில் கதை வேகமாகப் போகும், ஆனால் இந்தக் கேள்விகளுக்கு இடமிருக்காது. உங்கள் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.