பதில்: குன்னூர் வந்த பிறகு மகளுக்கு விடியற்காலைத் தும்மல்

மகளின் தும்மலுக்குத் தைல மரப் பூ காரணமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு வாய்ப்பு குறைவு. அந்தப் பூவின் மகரந்தத்தைப் பெரும்பாலும் பூச்சிகளே சுமக்கின்றன. காற்றில் அதிகம் பரவாது. படுக்கையிலிருந்து எழும்போதுதான் தும்மலும் மூக்கு அரிப்பும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மெத்தையைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே வீடு காய்வதே இல்லை. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் மெத்தையிலும் கம்பளியிலும் பெருகும். பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். பீரோவை ஒரு முழம் நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள்: கரும்புள்ளிகளும் நனைந்த சாக்கு வாடையும் இருக்கின்றனவா?

1. விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கம்பளி அந்தச் சூட்டைத் தாங்காது. அதை அவள் படுக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

2. ஈரமில்லாத வேறு அறையில் அவளைப் பத்து நாள் படுக்க வையுங்கள். தும்மல் குறைந்தால் காரணம் பழைய அறையில்தான் இருக்கக்கூடும்.

குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள். புகை மூக்கை எரிச்சலூட்டும். அதன் நச்சுவாயு உயிரையே பறிக்கும்.

உங்களுக்கு ஆஸ்துமா இருப்பதால் மகளுக்கும் ஒவ்வாமை வர வாய்ப்பு கூடுதல். இரவில் இருமலோ மூச்சில் விசில் சத்தமோ கேட்டால், பத்து நாள் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.