நள்ளிரவில் இறங்கியவரிடம் விடுதி வாங்கிய கூடுதல் நாள் வாடகை

நள்ளிரவில் வந்திறங்கிய உங்களிடம் விடுதி ஒரு நாள் வாடகையைக் கூடுதலாக வாங்கியதையும், அறையில் ஏசி ஒழுகியதையும் எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு நாள் வாடகை திரும்பக் கிடைப்பது கடினம். ஆனால் ஏசியிலிருந்து மெத்தையின்மேல் விடிய விடிய நீர் சொட்டிய அறைக்கு நீங்கள் இழப்பீடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

16ஆம் தேதி அதிகாலை 1.40க்குச் சென்னையில் இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். பயணச்சீட்டில் கண்ட 16ஐயே விடுதிக்கும் பதிந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அறை அன்று நண்பகலுக்குப் பிறகுதான் உங்களுடையது, 15ஆம் தேதி இரவுக்கே பதிந்திருக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தை ஒட்டிய திரிசூலத்தில் இதே பிழையைச் செய்துவிட்டு, உறங்கும் குழந்தையை மடியில் கிடத்தியபடி வரவேற்பறை சோபாவில் விடியும்வரை உட்கார்ந்திருந்த வேதனை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

முன்பதிவு உறுதிச் சீட்டில் செக்-இன் தேதியைப் பாருங்கள். 15 என்று இருந்தால் தவறு விடுதியுடையது. கூடுதல் வாடகையையும் தயங்காமல் கேளுங்கள்.

ரசீதையும் நனைந்த மெத்தையின் படத்தையும் இணைத்து மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அதன்பின், சம்பவம் நடந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.

ஒன்று மட்டும்: அன்றிரவே வரவேற்பறையில் முறையிட்டதற்கு அழைப்புப் பதிவோ குறுஞ்செய்தியோ இல்லையென்றால், உங்கள் தரப்பு வலுவிழக்கும்.